விஜிலா அக்கா எண்ணிய முன்னூறு பெட்டிகள்

விஜிலா அக்கா எண்ணியது தப்பு என்று இன்றைக்கும் தூத்துக்குடியில் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு ஆள்கூட கன்டெய்னர் கதவு திறப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. ஷேர் விலை இறங்கினால் யார் தலையிலாவது பழியைப் போட வேண்டும். மும்பையில் உட்கார்ந்திருப்பவனை இழுத்து வைத்துக் கேட்க முடியாது. கைக்கு எட்டுகிற தூரத்தில் அக்கா இருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

என் பெயர் மகாராஜா. துறைமுகச் சாலையில் ஒரு தனியார் கன்டெய்னர் கிடங்கில் எடைமேடை பார்க்கிறேன். விஜிலா அக்கா அதே கிடங்கில் பத்தொன்பது வருஷம் டாலி கிளார்க்காக இருந்தார். டாலி என்றால் வேறொன்றுமில்லை. கப்பலில் வந்த கன்டெய்னரின் சீலை உடைத்து ஆட்கள் சரக்கை இறக்கும்போது, கதவோரம் நின்று, என்ன பெட்டி, எந்தக் கம்பெனி முத்திரை, எத்தனை, அதில் எத்தனை நசுங்கியது என்று எண்ணித் தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளை வைத்துத்தான் கஸ்டம்ஸ் முதல் இன்சூரன்ஸ் வரை எல்லோரும் பேசுவார்கள்.

அக்காவுக்குச் சொந்த ஊர் மணப்பாடு. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தவர். வீட்டுக்காரர் கப்பல் இன்ஜின் அறையில் மோட்டார்மேன். வருஷத்தில் எட்டு மாதம் கடலில்தான் இருப்பார். ஒரே மகள் ஜெஸ்லின் பாளையங்கோட்டையில் படிக்கிறாள். வேலைக்கு வந்த புதிதில், பொம்பளை வெயிலில் நிற்பாளா என்று சிரித்தவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா எண்ணும்போது டீ குடிக்க மாட்டார், போன் எடுக்க மாட்டார், பேச மாட்டார். ஐந்து ஐந்தாகக் கோடு போடுவார். சந்தேகம் வந்தால் கையைத் தூக்கி "நில்லு" என்பார். அத்தனை லோடுமேன்களும் தலையில் பெட்டியோடு அப்படியே நிற்பார்கள். ஒருவனும் முனக மாட்டான்.

டாலித் தாளில் அழிப்பதற்கு அனுமதி கிடையாது. தப்பாக எழுதினால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் தாள்களில் கோடும் கையெழுத்துமாகக் கிடக்கும். அக்காவின் தாளில் அப்படி ஒரு கோட்டைப் பார்க்க நீங்கள் பழைய கட்டுகளைக் கிளற வேண்டும்.

ஒரு தடவை டைல்ஸ் இறக்குமதி செய்கிறவர் ஒருவர் வந்து குதித்தார். ஆயிரத்து நானூறு பெட்டி வர வேண்டியது, நாலு குறைகிறது என்று அக்கா எழுதியிருந்தார். திருப்பி எண்ணச் சொன்னார். எண்ணினார். மறுபடியும் எண்ணச் சொன்னார். மறுபடியும் எண்ணினார். கடைசியில் ஒரு பணக் கவரை நீட்டி, ஆயிரத்து நானூறு என்றே போடச் சொன்னார். அக்கா அந்தக் கவரையும் பெட்டி மேல் வைத்துவிட்டு, "இதையும் சேத்தாலும் நாலு கொறையுது அண்ணாச்சி" என்றார். ஏற்றிவிட்ட துறைமுகத்திலேயே நாலு பெட்டி நின்றுபோனது என்று பிறகு மெயில் வந்தது. அந்த மனிதர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த சரக்கு வந்தபோது அந்தம்மாவையே போடுங்கள் என்று அவரே சொல்லியனுப்பினார். அந்த மாதிரி மனுஷிக்குத்தான் கணக்குத் தெரியாது என்று பட்டம் கட்டினார்கள்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துவரையோ பட்டாணியோ ஏற்றிய கப்பல் வந்தால், பஜார் வியாபாரிகளுக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். எத்தனை டன், நல்ல சரக்கா, வண்டு விழுந்ததா என்று துறைமுகத்துக்குள் இருக்கிற யாராவது போனில் சொல்லிவிடுவான். மூட்டை இறங்கும் முன்பே பஜாரில் விலை அசைந்துவிடும். இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை, ஏனென்றால் சொன்னது அப்படியே நடக்கும். உள்ளே வந்த பருப்பு வெளியே கடைக்குப் போய்த்தானே ஆக வேண்டும். வந்திறங்கிய சரக்கைப் பார்த்தால் நாளைக்கு என்ன விலை என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை எங்கள் ஆட்களுக்கு அப்படி ஊறிப்போயிருந்தது.

பெவின் அந்தப் பழக்கத்தை ஷேர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனான். கஸ்டம்ஸில் சரக்கை விடுவித்துத் தருகிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் அவன் கிளார்க். முப்பது வயசு, எப்போதும் காதில் ஒரு வெள்ளைக் குமிழ். "போர்ட் பல்ஸ்" என்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தான். பருப்பு வியாபாரிகள், உப்பளக்காரர்கள், பாங்கு ஊழியர்கள், ரிட்டயர்டு வாத்தியார்கள் என்று இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். நானும் இருந்தேன். இல்லை என்று சொன்னால் அது பொய்.

அப்போது டிவியில் ஒரே பேச்சுத்தான். வெளிநாட்டில் செல்போன் செய்கிற கம்பெனிகளும், டவரில் மாட்டுகிற சாமான் செய்கிற கம்பெனிகளும் ஒன்றை ஒன்று வாங்கப் போகின்றன, இங்கேயும் ரெண்டு கம்பெனி சேரப்போகின்றன என்று கோட்டுப் போட்டவர்கள் தினமும் வந்து சொன்னார்கள். யார் சொன்னது என்று கேட்டால் "மார்க்கெட்டில் பேசிக்கொள்கிறார்கள்" என்பார்கள். பேசிக்கொள்கிறவர்களே அவர்கள்தான். காலையில் ஒருவர் சேரும் என்பார், சாயங்காலம் இன்னொருவர் சேராது என்பார். ரெண்டு பேருக்கும் சம்பளம் வந்துவிடும். அந்த ரெண்டு கம்பெனியின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். போன் கம்பெனி, டவர் கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நாற்பதடிக் கன்டெய்னர் ஒன்று வந்தது. உள்ளே முன்னூறு பெட்டி. டவர் கம்பெனி முத்திரையோடு இருநூற்றுப் பன்னிரண்டு, போன் கம்பெனி முத்திரையோடு எண்பத்தெட்டு. சரக்கை வாங்குகிறவர் என்ற இடத்தில் ஒரே பெயர், ஓசூரில் இருக்கிற ஒரு கிடங்கு. அக்கா எண்ணி எழுதி, வழக்கம்போலத் தாளின் ஒரு நகலை எடைச்சீட்டோடு சேர்ப்பதற்காக என் மேஜைக்கு அனுப்பினார்.

பெவின் தன்னுடைய வேறொரு லாரிக்காக என் மேஜை அருகே நின்றுகொண்டிருந்தான். தாளைத் தலைகீழாகவே படித்துவிட்டான். "அண்ணாச்சி, இதக் கொஞ்சம் இங்கன காட்டுங்க" என்றான்.

நான் நீட்டினேன். போட்டோ எடுத்தது அவன். தாளை நீட்டிய கை என்னுடையது. பருப்புக் கப்பல் சமாச்சாரத்தைப் பத்து வருஷமாக இப்படித்தான் நீட்டியிருக்கிறேன். இதுவும் அதைப்போல ஒன்று என்று நினைத்தேன்.

அரைமணி நேரத்தில் போர்ட் பல்ஸில் போட்டோ வந்தது. கீழே பெவின் எழுதியிருந்தான்: ரெண்டு கம்பெனி சரக்கும் ஒரே கன்டெய்னரில், ஒரே ஆள் பெயரில், நம்ம தூத்துக்குடியில். இனி யாரும் சந்தேகப்பட வேண்டாம். போர்ட் பொய் சொல்லாது.

ஓசூர்க் கிடங்கு என்பது என்ன? ரெண்டு கம்பெனிக்கும் பழுது பார்த்துக் கொடுக்கிற ஒப்பந்தக்காரர். பெட்டிக்குள் இருந்தது என்ன? ரெண்டு கம்பெனிக்கும் சார்ஜரும் பவர் யூனிட்டும் செய்து தருகிற ஒரே வெளிநாட்டுத் தொழிற்சாலையின் சாமான். அந்த வருஷத்தில் அப்படி வந்த மூன்றாவது கன்டெய்னர் அது. ஒரே தையல்காரனிடம் சட்டை தைக்கக் கொடுத்த ரெண்டு பேருக்கும் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசமே கிடையாது. அக்காவுக்கு இது முழுக்கத் தெரியும். முந்தைய ரெண்டு கன்டெய்னரையும் எண்ணியவர் அவர்தான். ஒரு ஆள் கேட்டிருக்கலாம். இருநூறு பேரில் ஒரு ஆள், நூறடி நடந்து போய், "எக்கா, இது என்ன சரக்கு?" என்று கேட்டிருக்கலாம். நானே கேட்கவில்லை. என் சம்சாரத்தின் சீட்டுப் பணத்தை எடுத்து டவர் கம்பெனி ஷேர் வாங்கினேன்.

மூன்று நாள் விலை ஏறியது. போட்டோ மும்பைக்குப் போய்விட்டது. டிவியில் ஒரு பெண், "தென்கோடித் துறைமுகம் ஒன்றிலிருந்து வந்த தகவல்" என்று சொன்னாள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் குழுவில், பார்த்தாயா, டிவியிலேயே சொல்லிவிட்டார்கள் என்று இன்னும் வாங்கினார்கள். எங்கள் ஊர்ப் புரளியே ஊர் சுற்றி வந்து எங்களுக்குச் சாட்சி சொன்னது. பருப்பு வியாபாரி செந்தூர்பாண்டி அண்ணாச்சி கடைச் சரக்குக்கு வைத்திருந்த பணம் முழுவதையும் அதில் போட்டார்.

நாலாம் நாள் ரெண்டு கம்பெனியும் சேர்ந்து அறிக்கை விட்டன. இணைப்புப் பேச்சு எதுவும் இல்லை என்று சொன்னார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எங்கள் சரக்கு ஒரே கன்டெய்னரில் வந்ததாகப் பரவும் தாள் போலியானது என்றும் எழுதினார்கள். விசாரிக்கவில்லை, ஒரு போன் போடவில்லை. சென்னையிலோ எங்கேயோ குளிரறையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் ஒரு வரியைத் தட்டிவிட்டார். அந்த ஒரு வரியில் அக்காவின் பத்தொன்பது வருஷம் போலியாகிவிட்டது.

விலை ரெண்டே நாளில் கீழே விழுந்தது. உச்சத்தில் விற்றுவிட்டு வெளியேறியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கு எந்த நோட்டீசும் போகவில்லை. செந்தூர்பாண்டி அண்ணாச்சி நேராகக் கிடங்கு வாசலுக்கு வந்தார். வேலை முடிந்து வெளியே வந்த அக்காவை மறித்துக்கொண்டு, "ஏளா, ஒன் எண்ணிக்கைய நம்பித்தானளா நான் தெருவுக்கு வந்தேன்" என்று கத்தினார்.

"நான் ஒங்களுக்கா எண்ணுனேன் அண்ணாச்சி?" என்று அக்கா கேட்டார். பக்கத்தில் நின்ற என்னை அண்ணாச்சி கண்டுகொள்ளவே இல்லை. பெவினைத் தேடிப் போகவும் இல்லை. பெவின் ஆம்பளை, குழுவின் தலைவன், அடுத்த தடவை லாபம் சொல்லக்கூடியவன்.

மறுவாரம் சென்னையிலிருந்து போன் கம்பெனி வக்கீல் வந்தார். மேனேஜர் இசக்கியப்பன் சார் அறையில் அக்கா, நான், வக்கீல், சார் என்று நாலு பேரும் இருந்தோம். மேஜை மேல் ஒரு கடிதம் டைப் செய்து தயாராக இருந்தது. போன் கம்பெனிப் பெட்டிகள் எண்பத்தெட்டு என்று எழுதியது கவனக்குறைவால் நேர்ந்த பிழை, அப்படிப் பெட்டிகள் அந்தக் கன்டெய்னரில் இல்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அக்காவின் பெயர்.

"ஒரு கையெழுத்துத்தானம்மா. அப்புறம் ஒண்ணும் கிடையாது. ஒனக்கு ஒரு மெமோ, எனக்கு ஒரு மெமோ, முடிஞ்சுது" என்றார் இசக்கியப்பன் சார்.

அக்கா கடிதத்தை ரெண்டு தடவை படித்தார். "சரக்கு இன்னும் நாலாம் நம்பர் ஷெட்டுலதான் சார் இருக்கு. கஸ்டம்ஸ் டூட்டி கட்டல. வாங்க, எண்ணுவோம்" என்றார்.

"அதெல்லாம் எதுக்கு?"

"தப்புன்னு சொல்லுதிய. தப்பக் காட்டுங்க. காட்டுனா போடுதேன்."

வக்கீல் நல்ல மனிதரோ என்னவோ, எழுந்துவிட்டார். ஷெட்டுக்குப் போனோம். அக்கா தொடவில்லை. வக்கீலையே எண்ணச் சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். அவர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, வியர்த்து வழிய, அடுக்கடுக்காக எண்ணினார். டவர் கம்பெனி இருநூற்றுப் பன்னிரண்டு. போன் கம்பெனி எண்பத்தெட்டு. ஒரு பெட்டி கூடவில்லை, ஒரு பெட்டி குறையவில்லை.

வக்கீல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எண்ணிக்கை சரியாத்தாம்மா இருக்கு. அதுதான் இப்பச் சிக்கல். தாள் போலின்னு அறிக்கை கொடுத்தாச்சு. தாள் சரின்னா அறிக்கை பொய்யாயிடும். அப்புறம் ஷேர் மார்க்கெட் அதிகாரிங்களுக்கு நாங்க பதில் சொல்லணும்" என்றார்.

இதைவிட வெளிப்படையாக ஒரு அநியாயத்தை யாரும் சொல்ல முடியாது. பெரிய கம்பெனி எழுதியது பொய்யாகக் கூடாது, அதனால் சின்ன ஆள் எழுதியது பொய்யாக வேண்டும். அதை அவர் மரியாதையாக, அம்மா போட்டுச் சொன்னார்.

"நான் போட மாட்டேன் சார். எண்ணுன பெட்டிய எண்ணலன்னு எப்படிப் போட? நாளைக்கி எந்த இன்சூரன்ஸ் சர்வேயர் என் தாளத் தொடுவான்?" என்றார் அக்கா.

இசக்கியப்பன் சாருக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப தாளு எப்படி வெளிய போச்சு? அதுக்குப் பதில் சொல்லு."

"எழுதி எடைமேடைக்கு அனுப்புனேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. மகாராஜாகிட்ட கேளுங்க" என்றார் அக்கா. யாரையும் காப்பாற்றவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. நடந்ததைச் சொன்னார்.

சாரும் வக்கீலும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ரெண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், சம்சாரத்துக்குத் தெரியாமல் தொலைத்த சீட்டுப் பணம் எல்லாம் ஒரு நிமிஷத்தில் ஞாபகம் வந்தன.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை கான்ட்ராக்டர் ஆள் வந்து, திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று சொல்லி கேட் பாஸை வாங்கிக்கொண்டான். பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர் கம்பெனி ஊழியரே இல்லை, கான்ட்ராக்ட் ஆள்தான் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள்: எண்ணிக்கைப் பிழை காரணமாக ஒரு டாலி கிளார்க் நீக்கப்பட்டார். பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. மற்ற கிடங்குகளில் அக்கா வேலை கேட்டுப் பார்த்தார். பிழை விட்டவர் என்று கேள்விப்பட்டவர்கள் உள்ளே விடவில்லை. கடைசியில் ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு உப்புப் பாக்கெட் கம்பெனியில் தினக்கூலிக்குப் போனார். அங்கேயும் எண்ணுகிற வேலை கொடுக்கவில்லை. பாக்கெட் வாயை ஒட்டுகிற மிஷினில் உட்காரவைத்தார்கள்.

இதில் இன்னொரு கேவலம் இருக்கிறது. அதே செந்தூர்பாண்டி அண்ணாச்சி, அக்காவுக்கு வேலை போனது தெரியாமல், ரெண்டு மாதம் கழித்து அவருக்குப் போன் போட்டிருக்கிறார். டிவியில் மறுபடியும் இணைப்புப் பேச்சு கிளம்பியிருந்தது. ஓசூருக்குப் புதுக் கன்டெய்னர் ஏதும் வந்திருக்கிறதா, பார்த்துச் சொன்னால் நல்லபடியாகக் கவனித்துக்கொள்கிறேன் என்றாராம். வாசலில் நின்று அவமானப்படுத்திய அதே வாயால் கேட்டிருக்கிறார். அக்கா போனை வைத்துவிட்டார். பெவின் இப்போது ஒரு லாட்ஜ் ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுக்கிறான். துறைமுகத்தைப் பார்த்து ஷேர் வாங்குவது எப்படி என்று நோட்டுப் புத்தகமும் கையுமாக ஊர்க்காரர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

எனக்கு மனசு பொறுக்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன்: அன்றைக்குத் தாளைப் பெவினிடம் காட்டியது நான்தான், விஜிலாவுக்கு அதில் சம்பந்தமில்லை, நான் பயந்துபோய்ப் பொய் சொன்னேன். கையெழுத்துப் போட்டு இசக்கியப்பன் சாரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இப்ப எதுக்குல இதத் தூக்கிட்டு வாரே? எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று டிராயரில் போட்டுப் பூட்டினார். என்னை வேலையை விட்டும் அனுப்பவில்லை. அனுப்பினால் பழைய விஷயம் கிளறப்படும் என்று பயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். சர்ச்சில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். ஜெஸ்லின் லீவுக்கு வந்திருந்தாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவளுக்கும் தெரியும் போல. அக்காவின் விரல் நுனிகளெல்லாம் உப்பில் வெடித்திருந்தன. நான் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். போட்டோ எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டதுபோல இருந்தது. அவர் ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று உட்கார்ந்திருந்தேன்.

அக்கா போனை வாங்கி, அந்தத் தாளை விரலால் பெரிதாக்கி, மேலிருந்து கீழ் வரை படித்தார். பிறகு மறுபடியும் மேலே போய் எதையோ தேடினார்.

"எண்ணிக்கை சரின்னு எங்கன எழுதியிருக்கே?" என்று கேட்டார். "ஷெட்டுல வச்சி வக்கீல் எண்ணுனாரே. நீயும் நின்னு பாத்தியே."

நான் அதை எழுதவே இல்லை.